எமது காற்றை அளப்பவர் யார்?

கடந்த ஆண்டு எமது பீடத்தில் நடைபெற்ற கருத்தரங்கொன்றில், நான் பெரிதும் மதிக்கும் விரிவுரையாளர் ஒருவர், கிராமத்து இளைஞர் தாமே செய்துகொள்ளும் மலிவான காற்றளவுக் கருவிகளைப் பற்றிய பேச்செழுந்தபோது, "அவை விஞ்ஞானமல்ல, விளையாட்டுச் சாமான்கள், அளவீடு என்பது நிபுணர்களின் வேலை" என்று கூறி அமர்ந்தார். மண்டபத்திற் சிரிப்பெழுந்தது. அச்சிரிப்பிற் கலந்துகொள்ள என்னால் இயலவில்லை. அதற்கு முந்திய விடுமுறையில் அத்தகைய "விளையாட்டுச் சாமான்" ஒன்றை நானும் என் மச்சானும் சேர்ந்து செய்து, பள்ளிவாசல்துறையில் எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தோம். அக்கூற்றுக்கு மறுப்பாகவே இக்கட்டுரையை எழுதுகின்றேன். எனினும் அவர் கூற்றிற் பாதி உண்மை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகின்றேன். அப்பாதியை நான் வெட்கத்தோடு கற்றுக்கொண்ட விதத்தைப் பின்னர் கூறுவேன்.

கற்பிட்டிக் குடாநாட்டை அறியாத வாசகர் பொருட்டுச் சில வார்த்தைகள். மேற்கே பெருங்கடல், கிழக்கே புத்தளக் களப்பு. இரண்டுக்கும் நடுவே வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் மணற்றரை. கடற்றொழிலும் மிளகாய், வெங்காயத் தோட்டங்களுமே எம்மவரின் சீவனம். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களிற் பெருந்தொகையினர் ஒதுங்கியதும் இம்மணலிலேதான். இங்கு, நுரைச்சோலைக் கடற்கரையில், நாட்டின் ஒரேயொரு நிலக்கரி அனல்மின் நிலையம் நிற்கின்றது. அதன் முதலாவது 300 மெகாவாற் அலகு 2011 மார்ச்சில் இயங்கத் தொடங்கியது; மேலும் இரண்டு அலகுகள் சேர்ந்து 2014 இல் அது 900 மெகாவாற் நிலையமாயிற்று. இக்கட்டுரையை நான் எழுதும் மேசை விளக்கும் அதனால் எரிகின்றது என்பதை நான் மறக்கவில்லை. மின்சாரம் வேண்டாம் என்று எவரும் கூறவில்லை.

ஆனால் அந்நிலையத்தின் நாட்காட்டியை ஒருகணம் நோக்குங்கள். சோழகக் காலத்திற் கடல் கொந்தளிப்பதால் நிலக்கரிக் கப்பல்களிலிருந்து சரக்கிறக்க முடியாது. ஆகவே கடல் அமைதியாயுள்ள மாதங்களிலேயே, ஏறத்தாழ ஏப்ரல் வரையில், நிலக்கரியை இறக்கி முற்றத்திற் குவித்து வைக்க வேண்டியுள்ளது. குவியல் உயர்ந்து நிற்கும் அவ்வேளையிற்றான் சோழகம் எழுகின்றது. எழுந்து கடலிலிருந்து தரையை நோக்கி மாதக்கணக்காக வீசுகின்றது. கரித்தூளும் சாம்பலும் தம் வீடுகளிலும் பயிர்களிலும் படிகின்றன என்று அயற்கிராமத்தவர்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருவது பத்திரிகை வாசிப்போர் அனைவரும் அறிந்ததே. காற்றுத் தடுப்பு வேலி முதலியன பின்னர் அமைக்கப்பட்டன. அவை எவ்வளவு தடுத்தன? எஞ்சியது எவ்வளவு தூரம் செல்கின்றது? எங்கள் ஊர்வரை வருகின்றதா? இவ்வினாக்களுக்கு எங்கள் ஊரில் எவரைக் கேட்டாலும் அவரவர் நம்பிக்கையையே விடையாகத் தருவார். ஒருவர் "எல்லாம் சாம்பல்" என்பார்; இன்னொருவர் "எல்லாம் அரசியல்" என்பார்.

சட்டத்தில் இதற்கு இடமில்லாமல் இல்லை. வடமேல் மாகாண சபை 1990 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க நியதிச்சட்டத்தின் மூலம் தனக்கெனச் சுற்றாடல் அதிகார சபையொன்றை வைத்திருக்கின்றது. 2008 ஓகத்தில் வெளியான வர்த்தமானி, சூழற் காற்றின் நியமங்களை எண்களாகவே கூறுகின்றது: 2.5 மைக்குரோமீற்றருக்கு உட்பட்ட நுண்துகள் ஒரு கனமீற்றர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 25 மைக்குரோகிராமையும், 24 மணித்தியாலச் சராசரியாக 50 மைக்குரோகிராமையும் தாண்டலாகாது. (உலக சுகாதார நிறுவனம் 2021 இல் விதந்துரைத்த அளவுகள் முறையே 5 உம் 15 உம் ஆகும். எமது நுரையீரல் உலகத்தாரின் நுரையீரலைவிட ஐந்து மடங்கு உறுதியானது என்று எவர் கண்டுபிடித்தாரோ அறியேன்.) ஆக, எல்லை உண்டு, எல்லையைக் காக்கும் சபையும் உண்டு. ஆனால் எல்லை தாண்டப்பட்டதா என்பதை ஊரவன் அறியும் வழி எங்கே? அளவீடு நடைபெறுவதில்லை என்று நான் கூறவில்லை. அளக்கப்படும் நாளையும் இடத்தையும் ஊரவன் அறியான். அறிக்கை பிறிதொரு மொழியில், பிறிதொரு நகரத்தின் அலுமாரியில் உறங்குகின்றது. அதனைக் கேட்டுச் சென்ற என்னிடம் ஓர் உத்தியோகத்தர், "இதெல்லாம் உமக்கு விளங்காது" என்றார். விளங்காது என்பது உண்மையாயிருக்கலாம். விளங்காதவனுக்கு விளக்குவதற்கன்றோ உத்தியோகம்!

அளவீட்டை உடையவன் கையிலேயே வழக்கும் இருக்கின்றது. இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. சுன்னாகத்துக் கிணறுகளிற் கழிவெண்ணெய் கலந்த விவகாரத்தில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், அங்கு இயங்கிய மின்னுற்பத்தி நிறுவனம் பாதிக்கப்பட்டோருக்கு இரண்டு கோடி ரூபா வழங்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. அவ்வழக்கு நிலைத்தமைக்குக் கிணற்று நீர் பலமுறை எடுத்து அளக்கப்பட்டிருந்தமையும் ஒரு முக்கிய காரணம். கிணறு ஓரிடத்தில் நிற்கின்றது. இன்று அளக்காவிட்டால் நாளை அளக்கலாம். காற்றோ அவ்வாறு நிற்பதில்லை. மே மாதத்து இரவொன்றில் வீசிய தூசை ஓகத்து மாதத்தில் வந்திறங்கும் நிபுணர் குழு எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. அவ்விரவில் அங்கிருப்பவனே அதனை அளக்க வல்லவன். அவ்விரவில் அங்கிருப்பவன் நிபுணன் அல்லன். மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டுத் திரும்பும் ஒரு மனிதன். "அளவீடு நிபுணர்களின் வேலை" எனும் வாக்கியம் நடைமுறையில் "அவ்விரவு அளக்கப்படாது" என்று பொருள்படுவதை எம் விரிவுரையாளர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இவ்வாறு எண்ணியோர் உலகில் இல்லாமற் போகவில்லை. 1995 அளவில் கலிபோர்னியாவில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையொன்றின் புகையால் அவதியுற்ற மக்களுக்காக வாதாடிய எட்வேர்ட் மஸ்றி என்ற வழக்கறிஞரின் முயற்சியால் ஒரு கருவி உருவாயிற்று. ஆய்வகங்களிற் பெரும்பொருள் பெறும் வாயு மாதிரியெடுக்கும் சாதனத்தின் வேலையை ஒரு சாதாரணப் பிளாஸ்ரிக் வாளி செய்தது. வாளிக்குள்ளே ஒரு பையை வைத்து, வாளியின் காற்றை வெளியே இழுத்தால், வெளிக்காற்று பைக்குள்ளே புகும். பையை மூடி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியதே எஞ்சிய வேலை. அவ்வாளி 2004 இல் தமிழகத்தின் கடலூருக்கு வந்தது. அங்கு சிப்காட் தொழிற்பேட்டையின் இரசாயன ஆலைகளுக்கு அருகே வாழும் கிராமத்தவர்கள் பயிற்சி பெற்று, காற்றை வாளியிற் பிடித்து அமெரிக்க ஆய்வகமொன்றுக்கு அனுப்பினர். அதுவரை "நாற்றம்" என்று மட்டுமே எழுதப்பட்டிருந்த மனுக்களில் அதன்பின் இரசாயனப் பொருள்களின் பெயர்களும் அளவுகளும் இடம்பெற்றன.

கடலூரிற் கவனிக்க வேண்டியது வாளி மாத்திரமன்று. இன்ன நாள், இன்ன நேரம், காற்று இன்ன திசை, நாற்றம் எதனை ஒத்தது என்று அக்கிராமத்தவர்கள் ஒழுங்காக எழுதி வைத்த குறிப்புகளே வாளிக்கு உயிர் கொடுத்தன. எங்கே, எப்பொழுது வாளியைத் திறப்பது என்பதை அக்குறிப்புகளன்றோ கூறின? இதனை நான் அப்போதே உணர்ந்திருந்தால், இனிக் கூறப்போகும் அவமானம் எனக்கு நேர்ந்திராது.

நாங்கள் செய்த கருவி இன்று உலகெங்கும் பலர் செய்வதே. 2015 இல் ஜேர்மனியின் ஸ்ருட்காட் நகரத்து ஆர்வலர் சிலர் இவ்வகைக் கருவியைத் தாமே செய்து வீடுகளில் மாட்டத் தொடங்கி, பிறநாட்டாருக்கும் அதன் செய்முறையைத் திறந்து விட்டனர். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டியொன்றினுள் ஒரு சிறு விசிறி காற்றை இழுக்கும்; ஒரு லேசர்க் கதிர் குறுக்கே பாயும்; துகள்கள் சிதறடிக்கும் ஒளியைப் பக்கத்திலுள்ள ஒளியுணரி எண்ணும். அதனோடு கைவிரலளவான ஒரு மின்சுற்றுப் பலகை, ஈரப்பதன் காட்டும் உணரியொன்று, மழை புகாதபடி கவிழ்த்த குழாய்த்துண்டு. எல்லாமாக ஒரு துவிச்சக்கர வண்டியின் விலைக்குக் குறைவாகவே செலவாயிற்று. கலைப்பீடத்தானாகிய எனக்கு மின்சுற்றை இணைக்க நான்கு நாட்கள் எடுத்தன. மச்சான் கைப்பேசி திருத்துபவன், அவன் ஒரே மாலையில் என் தவறுகளைத் திருத்தினான்.

மூன்றாம் நாள் அதிகாலையிற் கருவி 140 என்று காட்டியது. நியமம் 50! நான் காலைத் தொழுகை முடிந்து வெளியே வந்தோரிடம் அதனை அறிவித்தேன். "நிலையத்தின் புகை" என்றேன். சிலர் கொதித்தனர். கரைவலைக்காரரான முதியவர் ஒருவர் மட்டும் என்னைத் தனியே அழைத்து, "மகன், விடியச் சாமத்துல காத்து தரையிலிருந்து கடலுக்குத்தானே போகுது? நீங்க செல்ற புகை காத்துக்கு எதிர நீந்தியா வந்தது?" என்று கேட்டார். நான் வாயடைத்து நின்றேன். தரைக்காற்று வீசும் வேளையிற் கடற்கரையில் நிற்கும் நிலையத்தின் புகை கடலுக்கே போகும் என்பது அவருக்கு அறுபது வருடப் பாடம். எனது 140 எங்கிருந்து வந்தது? அவ்வதிகாலையின் ஈரத்திலிருந்தும், சுவருக்கு அப்பால் உம்மா மூட்டிய தென்னம்பாளை அடுப்பிலிருந்தும்.

ஈரத்தின் செய்கை நுட்பமானது. எங்கள் கரையோரத்தில் இக்கருவியை நம்புவோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டியது. கடற்காற்றில் உப்புத்துகள் என்றும் உண்டு. காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைக் கடந்ததும் உப்பு நீரை உறிஞ்சிக் கரைந்து, ஊதிப் பெரிய துளியாகின்றது. லேசர்க் கதிருக்கு உப்புத்துளியும் ஒன்றுதான், சாம்பலும் ஒன்றுதான். எங்கள் ஊரில் இரவுகள் பெரும்பாலும் இவ்வெல்லையைத் தாண்டியே கழிகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் சூழற் பாதுகாப்பு முகவரக ஆய்வாளர்கள் 2021 இல் இவ்வகைக் கருவியொன்றின் எண்களை நியமக் கருவிகளோடு ஒப்பிட்டு, அவ்வெண்ணை ஏறத்தாழப் பாதியாக்கி ஈரப்பதனுக்கெனத் திருத்தமும் செய்ய வேண்டுமெனச் சூத்திரம் தந்தனர். அது அவர்கள் நாட்டுக் காற்றுக்கான சூத்திரம். கற்பிட்டிக்குரியதை எவரும் இன்னும் எங்களுக்குத் தரவில்லை.

இதனினும் பெரிய குறையொன்று உண்டு. அது எதிர்த்திசையில் ஏமாற்றுவது. இக்கருவியின் கண் மிக நுண்ணிய துகள்களுக்கே கூர்மையானது. காற்றில் எழும் கரித்தூளும் சாம்பற் குவியலின் தூசும் பெரும்பாலும் பருமனான துகள்கள். அவை வளைந்து செல்லும் சிறு குழாய்க்குள் ஒழுங்காக நுழைவதில்லை, நுழைந்தாலும் குறைவாகவே எண்ணப்படுகின்றன. கந்தகவீரொட்சைட்டு முதலிய வாயுக்களையோ அது காண்பதேயில்லை. ஆக, குற்றமில்லாத அதிகாலையிற் குற்றஞ்சாட்டும். கரித்தூள் பறக்கும் நண்பகலில் "சுகம்" என்று சான்று கொடுக்கும். இத்தகைய சாட்சியை நீதிமன்றத்தில் நிறுத்தினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அரைமணி நேரத்தில் அவனைச் சிரிப்புக்கிடமாக்கி விடுவார். அதற்குப் பின்பு எங்கள் ஊர் எவ்வளவு கூக்குரலிட்டாலும் அந்தச் சிரிப்பே விடையாகும். விரிவுரையாளரின் கூற்றிற் பாதி உண்மை என்று நான் கூறியது இதனையே. கருவியை மாட்டிவிட்டாற் போதும், எண் பேசும் என்று நம்பும் நண்பர்களோடும் எனக்கு அதேயளவு சண்டை உண்டு.

ஆனால் பாதி உண்மையிலிருந்து முழுப் பொய்யான முடிவுக்கு ஏன் செல்ல வேண்டும்? குறையுள்ள கருவியைக் குறையறிந்து ஆளுவதே விஞ்ஞானம் என்று விஞ்ஞான பீடத்து நண்பர்கள் எனக்குக் கூறியிருக்கின்றனர். ஒரு கருவிக்குப் பதிலாக ஒரேவகைக் கருவிகள் இரண்டைச் செய்யுங்கள். இரண்டு வாரம் ஒரே ஆணியில் மாட்டி, இரண்டும் ஒன்றோடொன்று எவ்வளவு முரண்படுகின்றன என்று எழுதுங்கள். பின்னர் ஒன்றைக் காற்று வரும் பக்கத்திலும் மற்றையதைக் காற்றுச் செல்லும் பக்கத்திலும் வையுங்கள். உப்பும் ஈரமும் இரண்டையும் ஏறத்தாழ ஒரேயளவில் ஏமாற்றும். ஆகவே இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் அவ்வேமாற்றத்தின் பெரும்பகுதி கழிந்துபோகும். எண் அன்று, வேறுபாடே சாட்சி. அடுப்புக்கும் தெருவுக்கும் விலகி, ஆளுயரத்துக்குச் சற்று மேலே மாட்டுங்கள். சிலந்தி கூடு கட்டாமற் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்றின் திசையை எழுதுங்கள். அதற்கு ஒரு கழியும் சீலைத்துண்டும் போதும், அல்லது அந்தக் கரைவலைக்காரரைக் கேட்டாலே போதும்.

பருமனான தூசுக்கோ இதனினும் எளிய கருவி உண்டு. அதில் மின்சாரமும் வேண்டாம், லேசரும் வேண்டாம். 1912 இல் இங்கிலாந்திற் காற்று மாசினை ஆராய அமைக்கப்பட்ட குழுவும் அதன் செயலாளர் ஜோன் ஸ்விற்சர் ஓவன்ஸ் என்ற மருத்துவரும் நகரந்தோறும் கையாண்டது வானிலிருந்து விழுவதை ஏந்தும் ஒரு பாத்திரத்தையே. நூறாண்டு கழிந்தும் அதன் தத்துவம் பழுதாகவில்லை. அகன்ற வாயுள்ள வாளியொன்றைக் கம்பத்தின்மேல் நிறுத்தி, அடியிற் சிறிது காய்ச்சி வடித்த நீர்விட்டு, முப்பது நாட்கள் விடவேண்டும். பின்னர் நீரை வடிதாளில் வடித்தால் உப்பு நீரோடு கரைந்து போகும்; கரையாத தூசு தாளில் எஞ்சும். அதனை உலர்த்தி நிறுக்க வேண்டும். வாளியின் வாய் 20 சென்ரிமீற்றர் விட்டமுடையதாயின் அதன் பரப்பு 0.0314 சதுரமீற்றர், முப்பது நாளில் 300 மில்லிகிராம் எஞ்சினால், ஒரு சதுரமீற்றரில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 318 மில்லிகிராம் படிகின்றது என்பது பெறப்படும். ஜேர்மனியின் எல்லை 350. எமது 2008 ஆம் ஆண்டின் நியமங்களில் இவ்வாறு படியும் தூசுக்கு எண்ணே இல்லை. எங்கள் முறைப்பாடுகள் பெரும்பாலும் படியும் தூசைப் பற்றியவையாக இருக்க, சட்டம் அதனைக் காணாது விட்டிருப்பது தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம்.

எஞ்சிய தூசைப் பாடசாலை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால் இன்னுமொரு கதை வெளிப்படும். உயர் வெப்பத்தில் உருகி உறைந்த பறக்கும் சாம்பல் கண்ணாடிக் குண்டுமணிகள் போல் உருண்டையாயிருக்கும். கரித்தூள் கறுத்துக் கூர்விளிம்போடிருக்கும். மணல் தன் வடிவத்திலிருக்கும். "எல்லாம் சாம்பல்" என்பவருக்கும் "எல்லாம் அரசியல்" என்பவருக்கும் ஒரே கண்ணாடித்துண்டைக் காட்டலாம். அவ்வாறு பார்க்கையிற் சாம்பலே இல்லையென்று தெரிந்தாலும் நான் அதனைப் பள்ளிவாசல் முற்றத்தில் அறிவிப்பேன். ஒருமுறை பிழையாக அறிவித்தவனுக்கு அந்தக் கடமை உண்டு.

இனிப் பல்கலைக்கழகத்தாரை ஒரு வார்த்தை. 2022 டிசெம்பர் 9 ஆம் திகதி, காற்றின் தரம் கெட்டதென்று நாடெங்கும் அரசாங்கப் பாடசாலைகள் மூடப்பட்டமை உங்களுக்கு நினைவிருக்கும். அன்று எவரும் புகையைப் பார்த்துப் பாடசாலையை மூடவில்லை. எண்ணைப் பார்த்தே மூடினர். எண்ணுக்கு அவ்வளவு வலிமை இருக்கும் நாட்டில், எண்ணில்லாத ஊர் வாயில்லாத ஊராகின்றது. இங்கோ பொதுப்பணத்தில் வாங்கிய நுண்தராசுகள் ஆய்வுகூடங்களிற் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் நிற்கின்றன. நியமக் கருவிகளைப் பற்றிய விரிவுரைகள் நடைபெறுகின்றன. அவற்றைக் கேட்ட பட்டதாரிகள் நகரங்களுக்குச் செல்கின்றனர். கிராமத்தானின் கருவி பிழையானது என்று சிரிக்கும் உரிமை, அதனைத் தன் கருவிக்கருகே ஒரு மாதம் நிறுத்தி ஒப்பிட்டுக் கொடுத்தவனுக்கே உண்டு. அவ்வாறு ஒப்பிட்டுக் கொடுத்தபின் அவர் சிரிக்கட்டும். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

இதனை எழுதும் வேளையில் எங்கள் ஊரில் மூன்று வாளிகள் கம்பங்களில் நிற்கின்றன: ஒன்று கடற்கரையோரம், ஒன்று ஊர் நடுவே, ஒன்று களப்புப் பக்கம். கொப்பியில் நாளும் திசையும் எழுதுபவர் அந்தக் கரைவலைக்காரரின் பேத்தி. உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் கற்பவர், என்னைவிட ஒழுங்கானவர். வடிதாள் வாங்கிவிட்டோம். நுணுக்குக்காட்டி தருவதாக ஆசிரியர் ஒருவர் இசைந்திருக்கின்றார். எங்களிடம் இல்லாதது ஒரு மில்லிகிராமைக் காட்டும் தராசு. அது எமது நூலகத்திலிருந்து பத்து நிமிட நடைத்தூரத்தில், விஞ்ஞான பீடத்தின் கீழ்மாடியில் இருக்கின்றது. அதனைத் திறந்துவிடக் கோரும் விண்ணப்பத்தை இருமுறை எழுதினேன். இவ்விதழ் வெளிவரும் வாரத்தில் மூன்றாவதை, மூன்று வடிதாள்களோடு, நேரிற் கொண்டு செல்வேன்.